அலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு

என் தொழிலில் எனக்கு நான்கே சொற்கள்.
அலோ. ஒண்ணு. ரெண்டு. மூணு.
பதினெட்டு வருசமாகக் காரைக்குடியில்
எந்த மேடை போட்டாலும்
முதலில் பேசுகிறவன் நான்.
ஒருத்தரும் கைதட்டியதில்லை.

சனிக்கிழமை, செக்காலை ரோட்டு மண்டபத்தில் பட்டிமன்றம்.
'கருத்துரிமையைக் காப்பது சட்டமா? சமுதாயமா?'
அணிக்கு மூன்று பேர். நடுவருக்குத் தனி மைக்.
உபயம்: தேவகோட்டை ரோட்டு நூல் மில்.

சட்டம் என்றவர்
பத்தொன்பதாவது பிரிவை ராகம் போட்டுச் சொன்னார்.
சமுதாயம் என்றவர்
மாமியார் ஜோக்கில் தொடங்கி
யாரோ குடித்த விஷக் கோப்பையில் முடித்தார்.
கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் முன்வரிசையில்.
நான் பேஸைக் குறைத்தேன்.
நடுவரின் இருமலுக்கு எக்கோ வேண்டாம் என்று
மேடையிலிருந்து சைகை வந்தது.

என் சட்டைப்பையிலும் ஒரு குரல் இருந்தது.
நாற்பத்திரண்டு நொடி.
மூன்றாம் ஷிப்ட் முத்துராக்கு
வாட்ஸ்அப் குழுவில் போட்டது.

'ஒண்ணுக்குப் போக டோக்கன் குடுக்குறாக.
எட்டு மணி நேரத்துக்கு ரெண்டு.
மூணாவது தடவைக்கு முப்பது ரூவா பிடிக்கிறாக.
நாங்க என்ன பஞ்சா,
அமுக்கி அமுக்கிப் பொதி கட்ட?'

அப்புறம் மிஷின் சத்தம். ஒரு சிரிப்பு, வேறு யாருடையதோ.
அவ்வளவுதான்.

திங்கள்கிழமை காலை, கேட்டில்,
அவள் விரலைத் தெரியாது என்றது கருவி.
பதினோரு வருசம் தெரிந்த விரல்.
கையில் கொடுத்த தாளில் இருந்தது:
'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்.'

அதே குழுவில் என் பெண்சாதியும் இருக்கிறாள்.
அந்தக் குரலுக்குக் கீழே
கட்டைவிரல்கூடப் போடவில்லை.
எனக்கு மட்டும் அனுப்பிவிட்டு
தன் போனிலிருந்து அழித்துவிட்டாள்.

தீர்ப்புக்கு முன்னால் பத்து நிமிடம் இடைவெளி.
'எதாச்சும் போடுப்பா' என்றார் செயலாளர்.
போனில் செருகும் வயர் கையில் இருந்தது.
ஒரு அழுத்து அழுத்தினால்
எண்ணூறு நாற்காலிக்கும் கேட்டிருக்கும்.
சுண்டல் வாங்கப் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பக்ருதீன் அண்ணன் கடையில்
நான் வாங்கிய முன்பணம் நினைவுக்கு வந்தது.
நாதஸ்வரம் போட்டேன்.

சட்டமும் வேண்டும், சமுதாயமும் வேண்டும் என்று
நடுவர் தீர்ப்புச் சொன்னார்.
மில் மேனேஜர் பொன்னாடை போர்த்தினார்.
மைக்கையெல்லாம் எண்ணிப் பெட்டியில் வைத்தேன்.
எட்டு. சரியாக இருந்தது.

புதன்கிழமை கண்டனூரில்,
முதலாளியின் பூர்வீக வீட்டுக்கு முன்னால்,
அறுபது பெண்கள்.
அரை மணி நேரத்துக்கு அனுமதி,
ஒலிபெருக்கிக்கு இல்லை.
வீட்டில் ஆளும் இல்லை.
தெருவின் இந்த முனையில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற மாளிகை;
எத்தனை கதவோ, அத்தனைக்கும் பூட்டு.

மைக் இல்லாத இடத்துக்கு
எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.
கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

முத்துராக்கு பேசத் தொடங்கினாள்.
மேல்காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
மூன்றாவது வரிசையிலேயே 'என்ன? என்ன?' என்றார்கள்.
பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
என் பெண்சாதி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.
'அக்கா, இவுகளப் பாக்காதீக.
திரும்பி அந்தச் சுவத்தப் பாத்துப் பேசுங்க.'

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு.
கண்ணாடி மாதிரி வழவழப்பு. சத்தத்தைத் தின்னாது.
எதிர்ச்சாரியிலும் அதே உயரத்தில் இன்னொன்று.
இந்தத் தெருவை விட நல்ல ஸ்பீக்கர் பெட்டி
எங்கள் கடையில் கிடையாது.

வேப்பமரத்து நிழலில் நின்ற ஏட்டு
நோட்டை விரித்து எழுதிக்கொண்டார்:
ஒலிபெருக்கி இல்லை.

'நீ சொல்லிப் பாரு மொதல்ல' என்றாள் முத்துராக்கு.

பழக்கதோசம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு
சுவருக்குக் கிட்டப் போனேன்.
அலோ.
ஒண்ணு.
ரெண்டு.
மூணாவது தடவைக்கு முப்பது ரூவா, என்றேன்.

முப்பது ரூவா, என்றது வீடு.